வாசிகசாலைக்கு நாலு சின்னக் கொம்பியூட்டர்: 230,000 ரூபாவுக்குள் எதை எடுக்கலாம்?

குளக்கட்டு (#1)

வணக்கம். மல்லாவிப் பக்கம் எங்கள் ஊர் சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு நாலு கொம்பியூட்டர் எடுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போன பழைய பிள்ளைகள் சேர்த்து அனுப்பிய காசு 230,000 ரூபா கையில் இருக்கிறது. முன்பு இருந்த இரண்டு பெரிய டவர் பெட்டியும் 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தோடு முடிந்துவிட்டன. மேசைக்குக் கீழே நிலத்தில் வைத்திருந்தோம், இரவு குளம் வான் பாய்ந்து தண்ணீர் ஏறியது, திறப்பு வைத்திருந்தவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் நனைந்துவிட்டது. மொனிட்டர் நாலும் மேசையில் இருந்ததால் தப்பின, எல்லாம் பழைய நீல முனை விஜிஏ வயர் போடுகிற சாதி.

அதனால்தான் இந்த முறை சின்னப் பெட்டியாகப் பார்க்கிறோம். வேலை பெரிதாக இல்லை: ஓ.எல், ஏ.எல் பிள்ளைகளுக்கு ஐசிடி பாடம், பைத்தன் எழுதிப் பழக, தட்டச்சு, சூம் வகுப்பு, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்ப. அறை தகரக் கூரை. வீதி இன்னும் கிரவல்தான், புழுதி வரும். வவுனியாவில் ஒரு கடையில் பாவித்த பெட்டி 6ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 புரொசெசரோடு 32,000 என்றும் 8ஆம் தலைமுறை 55,000 என்றும் சொன்னார்கள். எது நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. இது என் காசு இல்லை, பிழைவிட்டால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

செம்மண்புழுதி (#2)

தம்பி, தலைமுறை எல்லாம் பிறகு பார்ப்போம். அந்த அறையின் கரண்ட் இணைப்பில் எர்த் (நிலத்துக்குப் போகிற பாதுகாப்புக் கம்பி) இருக்கிறதா?

நான் புதுக்குடியிருப்பில் பதினைந்து வருடமாகப் பெட்டி திருத்துகிறேன். என் மேசைக்கு வந்த பெட்டிகளில் புரொசெசர் செத்து வந்தது என்று ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டேன். முதலில் போவது பவர் சப்ளை. இடி மின்னல், வோல்ட் ஏறி இறங்குவது, கரண்ட் போய் வரும்போது அடிக்கிற அடி, அப்புறம் உள்ளே போய்ச் சுருண்டு கிடக்கிற பல்லி, கூடு கட்டுகிற எறும்பு. அடுத்தது விசிறி, புழுதி அடைத்துச் சூடாகி நிற்கும். மூன்றாவது பழைய ஹார்ட் டிஸ்க். ஆகவே எதை வாங்கினாலும் அதன் பவர் சப்ளை போனால் மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ அன்றைக்கே மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள், மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற கொம்பனிப் பெட்டிகளுக்குள் இருப்பது நாங்கள் வழக்கமாகப் போடுகிற ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு சப்ளை இல்லை. உருவமும் வேறு, மதர்போட்டுக்கு (தாய்ப்பலகைக்கு) போகிற பிளக்கும் வேறு. சாதாரண டவர் என்றால் தெருவில் இருக்கிற எந்தக் கடையிலும் சப்ளை வாங்கிப் போட்டுவிட்டுப் போகலாம். இவற்றுக்கு அதே மொடலைத் தேட வேண்டும். எனக்கு ஒரு பாடசாலைப் பெட்டிக்குச் சப்ளை வந்து சேர ஐந்து கிழமை ஆனது, அதுவும் கழற்றிய பழையது. அந்த ஐந்து கிழமையும் பிள்ளைகள் மற்றப் பெட்டியில் மூன்று பேராக இருந்து படித்தார்கள்.

ஏ9_பயணி (#3)

வவுனியாவில் வேலை, கொழும்புக்கு மாதம் ஒரு தடவை போவேன். பெயரில் குழப்பம் வராமல் இதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் "சின்னப் பெட்டி" என்று சொல்வதில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று எஸ்எஃப்எஃப், படுக்க வைத்தால் ஒரு பெரிய அகராதியைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளே 200 வொட் சுற்றி ஒரு சப்ளை, முழு அளவு ராம், குட்டையான கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட இடம். மற்றது மைக்ரோ. எச்பி அதை மினி என்கிறது, லெனோவா டைனி என்கிறது. டெல் மைக்ரோ 18 சென்ரிமீற்றர் சதுரம், தடிப்பு 3.6 தான், உள்ளே பவர் சப்ளையே கிடையாது, வெளியே லாப்டொப் மாதிரி அடப்டர்.

8ஆம் தலைமுறையில் தேட வேண்டிய பெயர்கள்: டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவா திங்சென்டர் எம்720, எம்920. ஒப்டிபிளெக்ஸில் 3050, 5050, 7050 என்று முடிந்தால் அது 6 அல்லது 7ஆம் தலைமுறை. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொள்வது, ஒரு சிலவற்றைத் தவிர, இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். 6, 7இலும் சுற்றுவழியில் ஏற்றிக் கொடுக்கிறார்கள், ஓடவும் செய்யும். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை வருகிற பெரிய அப்டேட்டைத் திரும்பவும் கையால் ஏற்ற வேண்டி வரும். வாசிகசாலையில் அதை யார் இருந்து செய்வது?

முதிரை (#4)

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். செம்மண்புழுதி அண்ணை சொன்ன காரணத்துக்காகவே நான் மைக்ரோவைத்தான் சொல்வேன்.

யோசித்துப் பாருங்கள் அண்ணை, மைக்ரோவின் பவர் சப்ளை என்பது வெளியே கிடக்கிற 19.5 வோல்ட், 65 வொட் அடப்டர். இடி விழுந்தால் பெரும்பாலும் முதலில் போவது அதுதான். லாப்டொப் திருத்துகிற எந்தக் கடையிலும் அதே முனை உள்ள அடப்டர் கிடைக்கும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம், பத்து வயதுப் பிள்ளைகூட மாற்றிப் போடும். எஸ்எஃப்எஃப்பில் நீங்கள் ஐந்து கிழமை காத்திருந்த பிரச்சினை இதில் ஐந்து நிமிடம்.

ஒரே ஒரு கவனம். டெல், எச்பி அடப்டரின் முனை நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது வழியாகத்தான் பெட்டி "இது என்னுடைய அடப்டரா, எத்தனை வொட்" என்று அறிந்துகொள்கிறது. மலிவுப் போலி அடப்டர் போட்டால் டெல் பெட்டி தொடங்கும்போதே அடப்டரை அடையாளம் தெரியவில்லை என்று எச்சரிக்கும், வேகத்தையும் கீழே இறக்கிவிடும். பிறகு பெட்டி பழுது என்று நினைத்து விண்டோஸை அழித்து அழித்து ஏற்றிக்கொண்டிருப்பார்கள். என் அறைத்தோழனுக்கு இது நடந்தது, மூன்று தடவை ஏற்றிய பிறகுதான் அடப்டரைப் பார்த்தோம். லெனோவாவின் முனை நீள்சதுரம், அதற்கு லெனோவா லாப்டொப் அடப்டர்தான் பொருந்தும்.

புரொசெசர் ஐ5-8500டி என்று இருந்தால் சரி. பெயருக்குப் பின்னால் வருகிற டி என்றால் 35 வொட் வகை. ஆறு கோர் அப்படியே இருக்கிறது, வேகம்தான் கொஞ்சம் குறைவு. பைத்தனுக்கும் சூமுக்கும் அந்தக் குறைவு தெரியவே தெரியாது.

உழவாரம் (#5)

தருமபுரத்தில் தட்டச்சுக்கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் 8ஆம் தலைமுறைக்கே போகிறீர்கள். 6ஆம் தலைமுறை ஐ5-6500 ஒன்று, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி (சுழலாத வேகமான டிஸ்க்), விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட். இதுதான் என் கடையில் இரண்டு வருடமாக ஓடுகிறது. 32,000 படி நாலு என்றால் 128,000 தான், மிச்சம் ஒரு இலட்சத்துக்கு யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பற்றரிப் பெட்டி), பிரின்டர் எல்லாம் வந்துவிடும். பைத்தன் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. லிப்ரே ஒஃபிஸ் இலவசம். வைரஸ் பிரச்சினை குறைவு. யூஎஸ்பி குத்திக் குத்திப் பிள்ளைகள் கொண்டு வருகிற குப்பையை நான் இப்போது காண்பதே இல்லை.

பாமினி தட்டச்சு லினக்ஸில் வராது என்று சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அது சரியில்லை. பாமினி வெறும் எழுத்துருதான், அந்த ஃபைலைப் பதிந்துவிட்டு ஆங்கில விசையிலேயே அடிக்கலாம். பேஜ்மேக்கர், கோரல் டிரோ வேண்டும் என்றால் மட்டும்தான் விண்டோஸுக்குப் போக வேண்டும். கல்யாண அட்டை அடிக்க நானும் ஒரு விண்டோஸ் பெட்டி வைத்திருக்கிறேன்.

பாலைப்பழம் (#6)

நான் ஐசிடி படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. உழவாரம் தம்பி சொல்வதில் உண்மை நிறைய இருக்கிறது. ஏ.எல் பாடத்திட்டத்தில் பைத்தன், தரவுத்தளம், எச்டிஎம்எல் எல்லாம் லினக்ஸில் அழகாகச் செய்யலாம். விரிதாளில் சம், அவரேஜ், இஃப் எல்லாம் எக்செலிலும் லிப்ரேயிலும் ஒன்றுதான்.

ஆனால் வாசிகசாலைக்கு வருவது ஏ.எல் பிள்ளைகள் மட்டும் இல்லை. பாடசாலையில் விண்டோஸில் தொடங்கின பிள்ளை இங்கே வந்து வேறு முகத்தைக் கண்டால், கேட்க ஒரு ஆளும் பக்கத்தில் இல்லை என்றால், எழும்பிப் போய்விடும். நான் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். மெல்லப் படிக்கிற பிள்ளைக்காகத்தான் நாங்கள் யோசிக்க வேண்டும். ஒரு பெட்டியில் லினக்ஸ், மற்றவற்றில் விண்டோஸ் என்று வைத்தால் இரண்டையும் பழகும்.

இன்னொன்று குளக்கட்டுத் தம்பி, எந்தப் பெட்டி எடுத்தாலும் கதிரையில் இருத்த முதல் ஒரு தடவை மூடியைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாய்ப்பலகை என்று கொப்பியில் பத்துத் தடவை எழுதுகிறார்கள், கண்ணால் கண்டதில்லை.

பனிநாட்டு_முல்லை (#7)

கனடாவிலிருந்து எழுதுகிறேன், ஊர் முள்ளியவளை. இங்கே கந்தோர்கள் கழிக்கிற இந்த மாதிரிப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். நாலு வாங்கிக் கப்பலில் போட்டுவிடவா? இங்கே 120 வோல்ட், அங்கே 230, அது சரிவருமா?

ஏ9_பயணி (#8)

வோல்ட் பிரச்சினை இல்லை. இந்த அடப்டர்களில் 100-240 என்று அச்சிட்டிருக்கும், பிளக் வயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அண்ணை, பெட்டியை அனுப்பாதீர்கள். கப்பல் கூலி, சுங்கம், வழியில் அடிபட்டால் யாரிடமும் கேட்க முடியாது. கையில் ஆள் யாராவது வந்தால் எஸ்எஸ்டியும் லாப்டொப் ராமும் கொடுத்துவிடுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிப்போய்க் கிடக்கிறது, இங்கே ஒரு 8 ஜிபி குச்சி வாங்கக் கை நடுங்குகிறது. மைக்ரோவுக்குள் போவது லாப்டொப்புக்குப் போகிற அதே குட்டை ராம், டிடிஆர்4.

குளக்கட்டு (#9)

எல்லோருக்கும் நன்றி. அண்ணை, எர்த் பற்றிக் கேட்டீர்கள், போய்ப் பார்த்தேன். சுவரில் மூன்று முள் பிளக் இருக்கிறது, பின்னால் எர்த் வயர் இல்லை! இத்தனை வருடம் யாரும் பார்க்கவில்லை. மின்வேலை செய்கிற ஒருவர் ஞாயிறு வந்து கம்பி அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கூலி வேண்டாமாம்.

இன்னொரு கடையில் புதுப் பெட்டி ஒன்று காட்டினார்கள், இன்டெல் என்100, உள்ளங்கை அளவு, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, ஒரு வருட உத்தரவாதம். பாவித்ததைவிட 10,000 தான் கூட. நிலையத் தலைவர் புதிதுதான் வேண்டும் என்று நிற்கிறார். பாவித்த பொருளை ஊர்க்காசில் வாங்கினால் நாளைக்குக் கதை வரும் என்பது அவருடைய பயம். அவரிடம் என்ன சொல்லட்டும்?

முதிரை (#10)

என்100 கெட்டது இல்லை. 2023இல் வந்த புரொசெசர், நாலு கோர், 6 வொட் வகை, கிட்டத்தட்டப் பழைய ஐ5-6500 அளவுக்கு வேகம். விண்டோஸ் 11 முறையாக ஓடும். சோலார் வீட்டில் ஒருவர் தனக்கென்று வாங்கினால் நான் அதைத்தான் சொல்வேன். அவற்றில் பல 12 வோல்ட்டில் ஓடுகின்றன, பற்றரியிலிருந்து ஒரு சின்னக் கொன்வேட்டர் வழியாகவே கொடுத்துவிடலாம். நேராகக் கொடுக்கக் கூடாது, சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பற்றரி 14ஐத் தாண்டும்.

வாசிகசாலைக்கு என் பயம் வேறு. அந்தப் பெட்டிகளில் பாதிக்குப் பெயரே யாருக்கும் தெரியாது. ராம் ஒரே ஒரு இடம்தான், சிலவற்றில் போட்டிலேயே ஒட்டியிருக்கும். இரண்டு வருடம் கழித்து மதர்போட் போனால் அதே போட் உலகத்தில் எங்கே இருக்கும்? டெல், எச்பி, லெனோவா என்றால் அலுவலகங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கழித்தவை. கழற்றிய துண்டு ஒவ்வொன்றும் சந்தையில் இருக்கிறது.

செம்மண்புழுதி (#11)

தலைவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பாவித்த நல்ல உழவு இயந்திரத்தை வாங்கி அதே உதிரிப்பாகத்தைக் கையில் வைத்திருக்கிறவன் மழைக்கு விதைப்பான். பெயர் தெரியாத புது இயந்திரத்தை வாங்கினவன் உதிரிக்குக் கொழும்புக்கு ஓடுவான். அவர் விவசாயி என்றால் இது விளங்கும்.

முதிரைத் தம்பி சொன்ன அடப்டர் கதையை இரவு முழுக்க யோசித்தேன். சரிதான். நான் எஸ்எஃப்எஃப் சப்ளையோடு மாரடித்து மாரடித்து எல்லாச் சின்னப் பெட்டியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். மைக்ரோ எடுங்கள். ஆனால் என் பங்குக்கு மூன்று விசயம்.

எத்தனை எடுத்தாலும் எல்லாம் ஒரே கொம்பனி, ஒரே மொடல். ஒன்று டெல், ஒன்று எச்பி என்று விலை பார்த்துக் கலந்து எடுத்தால் ஒன்றின் துண்டு மற்றதுக்கு உதவாது. ஒரே மொடல் என்றால் கடைசியில் ஒரு பெட்டி செத்தாலும் அதன் விசிறியும் ராமும் டிஸ்க்கும் மற்ற மூன்றையும் வாழவைக்கும். இது என் தொழிலில் கண்டது.

அடுத்தது புழுதி. மைக்ரோவின் விசிறி உள்ளங்கையை விடச் சின்னது, சூடு இறக்குகிற தகட்டு இடுக்கும் நெருக்கம். சோளகம் வீசுகிற மாதங்களில் உங்கள் கிரவல் வீதிப் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்ற விட்டு ஊதினால் அச்சு தேயும். தகரக் கூரைக்குக் கீழே மொனிட்டருக்குப் பின்னால் பூட்ட வேண்டாம், மொனிட்டர்ச் சூடும் சேர்ந்துகொள்ளும். தட்டில் நிற்க வையுங்கள், காற்றுப் போகிற பக்கம் சுவரை முட்டாமல். துணி போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓடும்போது மூடாதீர்கள்.

மின்னல். இதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்பே பிளக்கைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும், சுவிட்சை அணைத்தால் போதாது. நெட் வயரையும் கழற்ற வேண்டும். பழைய செப்புத் தொலைபேசி இணைப்பு என்றால் மின்னல் அதன் வழியாக ரவுட்டருக்கும், அங்கிருந்து நெட் வயரால் பெட்டிக்கும் வரும். ஒக்டோபர், நவம்பரில் என்னிடம் வருகிற செத்த மதர்போட்டில் பலவற்றில் கருகியிருப்பது நெட் வயர் குத்துகிற இடம். ஃபைபர் என்றால் அந்த வழி இல்லை, ஆனால் ஃபைபர் பெட்டிக்கும் கரண்ட் அடப்டர் உண்டு என்பதை மறக்கக் கூடாது. எர்த் கம்பி அடிக்கிற இடத்தைக் கிணற்றடிப் பக்கம் ஈரம் நிற்கிற இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். வைகாசி, ஆனியில் மண் காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாததுபோல, அப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உழவாரம் (#12)

மைக்ரோ நல்லதுதான், ஆனால் ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன். ஒரு புத்தகப் பைக்குள் இரண்டு மைக்ரோ அடங்கும். இரவில் ஆள் இல்லாத கட்டடம். களவு போனால் காசு அனுப்பிய பிள்ளைகளுக்கு என்ன முகத்தைக் காட்டுவது? பின்பக்கம் பூட்டு வயர் போடுகிற ஓட்டை இருக்கும், அந்த வயரையும் சேர்த்து வாங்குங்கள், அல்லது இரும்புத் தட்டில் ஒரு கம்பிச் சட்டம் ஒட்டிவிடுங்கள்.

குளக்கட்டு (#13)

இரும்பு வேலை செய்கிற பெடியன் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார், அதைப் பார்த்துக்கொள்ளலாம். கரண்ட் கட்டணம் பற்றியும் கேட்க இருந்தேன். நிலையத்துக்கு மாதம் சந்தாவாக வருவது கொஞ்சம்தான். பழைய டவர் இரண்டும் ஓடின காலத்தில் பில் கட்டவே தனியாகக் காசு சேர்த்தோம்.

முதிரை (#14)

மைக்ரோ ஒன்று சாதாரண வேலையில் 15 வொட் சுற்றி இழுக்கும். பழைய டவர் 60 என்று வைத்தால் மிச்சம் 45. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம், மாதம் 26 நாள் என்றால் ஒரு பெட்டிக்கு 7 அலகு, நாலு பெட்டிக்கு 28 அலகு மிச்சம். மொனிட்டரும் சேர்த்துப் பார்த்தால் இப்போது உங்கள் மொனிட்டர்தான் பெட்டியைவிடக் கூட இழுக்கும்.

யூபிஎஸ்ஸிலும் இதே இலாபம். 650 விஏ யூபிஎஸ் ஒன்றுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பற்றரி, அதாவது 84 வொட்மணி. இரண்டு மைக்ரோவும் இரண்டு மொனிட்டரும் 70, 80 வொட். கணக்குக்கு ஒரு மணித்தியாலம், நடைமுறையில் பற்றரி அவ்வளவு தராது, அரை மணித்தியாலம் என்று வையுங்கள். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அதற்கு எந்த யூபிஎஸ்ஸும் காணாது. ஆனால் பிள்ளை எழுதியதைச் சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்த அரை மணித்தியாலம் தாராளம். ஆகவே இரண்டு பெட்டிக்கு ஒரு யூபிஎஸ்.

ஏ9_பயணி (#15)

அப்படியானால் கணக்கு இப்படி வரும். 55,000 படி நாலு எடுத்தால் 220,000, யூபிஎஸ்ஸுக்கும் பூட்டுக்கும் காசு இல்லை. மூன்று எடுங்கள், 165,000. மிச்சம் 65,000க்கு யூபிஎஸ் இரண்டு, கூடுதல் அடப்டர் ஒன்று, டிஸ்பிளே போர்ட்டிலிருந்து விஜிஏக்கு மாற்றுகிற முனை மூன்று. நாலாவதைப் பிறகு அதே மொடலில் எடுக்கலாம். முனையை மறக்காதீர்கள். இந்தப் பெட்டிகளின் பின்னால் விஜிஏ எல்லாவற்றிலும் இருக்காது, வீட்டுக்குக் கொண்டுபோய் வயர் பொருந்தாமல் திரும்பி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது: வாயால் சொல்வதைக் கேட்காமல் பெட்டியைப் போடச் சொல்லி பயோஸுக்குள் (விண்டோஸ் வருமுன் திறக்கிற அமைப்புத் திரை) போய்ப் புரொசெசர் பெயரை நீங்களே வாசியுங்கள். பயோஸுக்குள் போகக் கடவுச்சொல் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம், பழைய அலுவலகத்தின் பூட்டு இன்னும் கிடக்கிறது என்று அர்த்தம். எஸ்எஸ்டியின் ஆயுளை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் பார்க்கலாம், யூஎஸ்பியில் கொண்டு போங்கள். 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருந்தால் நல்லது, மற்ற இடம் காலியாக இருக்கும், பிறகு கூட்டலாம். வைஃபை இருக்கிறதா என்றும் கேளுங்கள், அலுவலகப் பெட்டி பலவற்றில் அந்தக் கார்ட் இருக்காது. கடைசியாக, யூடியூப்பில் நாலு வீடியோவை ஒன்றாக ஓடவிட்டு இருபது நிமிடம் நில்லுங்கள். விசிறி இரைந்தாலோ பெட்டி தானாக நின்றாலோ தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் நில்லுங்கள். விண்டோஸ் உரிமம் பெட்டியோடு வந்ததா என்று அக்டிவேஷன் பக்கத்தில் பார்த்துவிடலாம், இந்த வகைப் பெட்டிகளில் திறவுகோல் மதர்போட்டிலேயே பதிந்திருப்பது வழமை.

குளக்கட்டு (#16)

இன்று போய் வந்தோம். விடிய மாங்குளத்தில் பஸ் ஏறினோம், நானும் தலைவரும் ஏ.எல் படிக்கிற ஒரு பிள்ளையும். பட்டியலை வாசித்து வாசித்துப் பார்த்தது அந்தப் பிள்ளைதான்.

டெல் மைக்ரோ 3060 மூன்று என்று எடுத்து வைத்திருந்தார்கள். முதலாவது சரி, ஐ5-8500டி, 8 ஜிபி ஒரே குச்சி. இரண்டாவதும் அதே. மூன்றாவதைப் போட்டதும் பயோஸில் ஐ5-7500டி என்று வந்தது. பெட்டியின் முன்பக்கம் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தது, திருப்பி லேபலைப் பார்த்தால் 3050. கடைக்காரர் மாறி வந்துவிட்டது என்றார், இருக்கலாம், வேறு ஒன்று எடுத்துத் தந்தார். அந்த நாலாவதில் புரொசெசர் சரி, ஆனால் தொடங்கும்போதே அடப்டர் எச்சரிக்கை வந்தது. பிள்ளை உடனே "அண்ணை, நடு ஊசி" என்றது. முதலாவது பெட்டியின் அடப்டரைக் குத்திப் பார்த்தோம், எச்சரிக்கை இல்லை. அடப்டரை மாற்றித் தந்தார்கள். இந்த இழையை வாசிக்காமல் போயிருந்தால் 7ஆம் தலைமுறைப் பெட்டியையும் போலி அடப்டரையும் 8ஆம் தலைமுறை விலைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருப்போம். முதிரைத் தம்பிக்கும் ஏ9 அண்ணைக்கும் ஊர் சார்பில் நன்றி சொல்கிறேன்.

மூன்றுக்கும் 159,000 எடுத்தார்கள். ஆறு மாத உத்தரவாதம், பில்லில் மூன்று பெட்டியின் சீரியல் இலக்கத்தையும் எழுதித் தரச் சொல்லி வாங்கினோம். வீடியோ ஓடவிட்டு இருபது நிமிடம் நின்றபோது தலைவர்தான் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு நின்றார். கூடுதல் அடப்டரும் அசல் டெல்தான், பாவித்தது. யூபிஎஸ் கிளிநொச்சியில் எடுக்கப் போகிறோம், பழுதானால் கொண்டுபோகப் பக்கம்.

பாலைப்பழம் (#17)

அந்தப் பிள்ளையிடமே பொறுப்பைக் கொடுங்கள் தம்பி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூரிகை போடுகிற வேலையையும். லினக்ஸ் எந்தப் பெட்டியில்?

குளக்கட்டு (#18)

மூன்றாவதில் ரீச்சர், உழவாரம் அண்ணை வந்து ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பனிநாட்டு முல்லை அண்ணையும் 8 ஜிபி ராம் மூன்று ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டாராம், சித்திரைக்கு வரும்.

எர்த் கம்பி அடித்தாயிற்று, கிணற்றடியில்தான். இரும்புத் தட்டும் கம்பிச் சட்டமும் நாளைக்கு வரும். வெள்ளம் நின்ற கோடு சுவரில் இன்னும் மண்ணிறமாக இருக்கிறது, என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. சுண்ணாம்பு அடிக்கிறவர்களிடம் அந்தக் கோட்டை மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தட்டு அதிலிருந்து இரண்டு அடி மேலே.